கதை எப்போது பிறந்தது? கேள்விகளும் பதில்களும்

எங்கள் சிங்கப்பூர் வாசகர் வட்டத்தில் இம்மாதம் ‘மனிதன் ஏன் கதை சொல்கிறான்’ என்ற தலைப்பில் கேள்விகள் கேட்கச் சொல்லியிருந்தேன். ஒரு காலத்தில் மானுடவியல் படித்தவள் என்பதால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

சுரேஷ், ஈசூன்: மீனா அக்கா, முதல் கதை எப்போது சொல்லப்பட்டது? தோராயமாக ஓர் ஆண்டு சொல்ல முடியுமா?

முடியாது தம்பி. பேச்சு காற்றோடு போய்விடும். எலும்பு, கல் போல அது மண்ணுக்குள் தங்காது. நம் கைக்குக் கிடைப்பது படங்கள்தான். அவற்றில் மிகப் பழையவற்றுள் ஒன்று ஐரோப்பாவில் இல்லை, நம் பக்கத்து வீட்டில் இருக்கிறது. இந்தோனேசியாவின் தெற்கு சுலாவெசியில் மாரோஸ்–பங்கெப் என்ற சுண்ணாம்புக் குன்றுப் பகுதி. அங்கே லியாங் கரம்புவாங் குகையில் ஒரு காட்டுப்பன்றியும் அதைச் சுற்றி மனிதர் போன்ற மூன்று உருவங்களும் வரையப்பட்டிருக்கின்றன. வயது குறைந்தது 51,200 ஆண்டுகள் என்று 2024இல் அறிவித்தார்கள்.

அதென்ன ‘குறைந்தது’? அளப்பது படத்தின் வயதை அல்ல. படத்தின் மேல் நீர் கசிந்து சுண்ணாம்பு ஏடு படியும். அந்த ஏட்டில் இருக்கும் யுரேனியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தோரியமாக மாறும். எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்த்தால் ஏட்டின் வயது தெரியும். ஏடு படிவதற்கு முன்பே படம் அங்கே இருந்திருக்க வேண்டும் இல்லையா?

பன்றியை மட்டும் வரைந்திருந்தால் நான் இதைக் கதை என்று சொல்லமாட்டேன். பன்றியோடு மூன்று பேர் எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள். ஏதோ நடக்கிறது. அதே பகுதியில் இன்னொரு குகையில், காட்டுப்பன்றியையும் குள்ள எருமையையும் வேட்டையாடும் குட்டி உருவங்களில் சிலவற்றுக்கு விலங்கின் அடையாளங்கள் இருக்கின்றன. ஜெர்மனியில் கிடைத்த, சிங்கத் தலையும் மனித உடலுமான தந்தச் சிற்பமும் ஏறத்தாழ 40,000 ஆண்டுப் பழையது. உலகத்தில் இல்லாத ஒன்றை உருவாக்கி, அதைப் பிறரும் புரிந்துகொள்வார்கள் என்று நம்பியிருக்கிறார்கள். கதைக்கு அந்த நம்பிக்கைதான் முதலீடு என்பேன்.

ஃபரிதா, தெம்பனிஸ்: நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோதுதான் கதை பிறந்தது என்கிறார்களே. ஆதாரம் உண்டா, இல்லை அதுவே ஒரு கதையா?

பாதி ஆதாரம் உண்டு. பாலி வீஸ்னர் என்ற மானுடவியலாளர் ஆப்பிரிக்காவின் கலஹாரி பாலைவனத்தில், வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்ந்த ஜூஹொவான்சி மக்களோடு பல ஆண்டுகள் பழகியவர். 1970களில் அவர் குறித்துவைத்த உரையாடல்களைப் பகல், இரவு என்று பிரித்துப் பார்த்து 2014இல் வெளியிட்டார். பகல் பேச்சு பெரும்பாலும் உணவு, வேலை, யார் மேல் என்ன குறை என்பது. அதில் கதை 6 சதவீதம்தான். இரவில் நெருப்பருகே நடந்த பேச்சில் கதை 81 சதவீதம்! இருட்டிய பிறகு வேட்டைக்கும் போகமுடியாது, கிழங்கு தோண்டவும் முடியாது. பகலில் முறைத்துக்கொண்டவர்கள்கூட இரவில் ஒரே கதையைக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள்.

தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகையில் சுமார் 10 லட்சம் ஆண்டுக்கு முந்தைய நெருப்பின் தடயம் இருக்கிறது. ஆனால் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடக் கூடாது. ஜூஹொவான்சி மக்கள் நம் காலத்து மனிதர்கள். அவர்களை ஆதிமனிதரின் பிரதியாக நினைப்பது தப்பு. மாலை நேரத்தை நெருப்பு நீட்டித் தந்தது, அந்த நேரத்தைக் கதை பிடித்துக்கொண்டது என்ற அளவுக்கு நான் ஒப்புக்கொள்கிறேன்.

ராமு, உட்லண்ட்ஸ்: எங்கள் புளோக் கீழே காப்பிக் கடையில் நடப்பது கதையா, வம்பா?

வம்புதான். ஆனால் கேலியாகச் சொல்லவில்லை. குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து உறவைக் காப்பாற்றிக்கொள்ளும். கூட்டம் பெரிதானபோது அதற்கு நேரம் போதாமல், அந்த இடத்துக்கு மனிதப் பேச்சு, அதுவும் ஊர்வம்பு, வந்தது என்பது ராபின் டன்பார் என்ற ஆய்வாளரின் கருத்து. ஆக உங்கள் காப்பிக் கடைக்கு வயது அதிகம்.

கவிதா, ஆசிரியை: கதை சொல்வதால் பரிணாமத்தில் என்ன லாபம்? அந்த நேரத்தில் இரண்டு மீன் பிடிக்கலாமே?

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிலிப்பீன்ஸில் வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழும் ஆக்டா மக்களிடம் நடந்த ஆய்வு, 2017இல் வெளிவந்தது. நல்ல கதைசொல்லிகள் அதிகம் இருந்த முகாம்களில் மக்கள் தங்கள் பங்கைப் பிறருக்குக் கூடுதலாக விட்டுக்கொடுத்தார்கள். யாரோடு சேர்ந்து வாழ ஆசை என்று கேட்டபோது நல்ல மீனவரைவிட நல்ல கதைசொல்லியைப் பலர் சொன்னார்கள். அந்தக் கதைசொல்லிகளுக்குக் குழந்தைகளும் சற்று அதிகம். வானத்தை யார் ஒளிரச் செய்வது என்று சூரியனும் (அவன் ஆண்) நிலாவும் (அவள் பெண்) சண்டை போட்டு, பலம் சமம் என்று தெரிந்ததும் பகலையும் இரவையும் பங்கு போட்டுக்கொண்ட கதை ஆக்டா மக்களிடம் உண்டு. சண்டை எப்படி முடியவேண்டும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது.

இதை மட்டும் வைத்துக் கதைக்காகவே மூளை வளர்ந்தது என்று சொல்வோர் கொஞ்சம் அவசரப்படுகிறார்கள் என்பது என் எண்ணம். 1944இல் ஹைடர், சிமெல் என்ற இருவர் இரண்டு முக்கோணமும் ஒரு வட்டமும் நகரும் சின்னப் படத்தைக் காட்டினார்கள். பார்த்த 34 பேரில் ஒருவர்தான் அவற்றை வெறும் வடிவங்களாக விவரித்தார். மற்றவர்களுக்குப் பெரிய முக்கோணம் முரடன், வட்டம் பயந்தவள்! யார் என்ன நினைக்கிறார்கள் என்று ஊகிக்காமல் நம்மால் இருக்கமுடியாது. அந்தப் பழக்கம் முன்பே இருந்து, கதை அதன் முதுகில் ஏறிக்கொண்டிருக்கலாம்.

அருண், பல்கலைக்கழக மாணவர்: எழுத்தில்லாமல் ஆயிரக்கணக்கான வரிகளை மனப்பாடம் செய்தது எப்படி?

பலர் மனப்பாடமே செய்யவில்லை. 1930களில் மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் யூகோஸ்லாவியாவில் காவியப் பாடகர்களைப் பதிவு செய்தார்கள். அவ்தோ மெஜெதோவிச் என்ற படிப்பறிவில்லாத பாடகர் ஒரே காவியத்தை 12,000 வரிகளுக்கு மேல் சொன்னார். அவர் கையில் இருந்தது கதைப் போக்கும் தயாராக வைத்திருந்த சொற்றொடர்களும்தான். கூட்டம் ஆர்வமாக இருந்தால் நீளும், கொட்டாவி விட்டால் சுருங்கும். நம் வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவாரே, அது சும்மா ஒப்புக்கு இல்லை. கேட்பவர் இடத்தில் உட்கார்ந்து கதையை நடத்துபவர் அவர்.

கேட்பவர் கதையை மாற்றவும் செய்வார். பார்ட்லெட் என்ற உளவியலாளர் வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைக் கேம்பிரிட்ஜில் ஒருவர் மாற்றி ஒருவராகச் சொல்லவைத்து, 1932இல் எழுதினார். புரியாத பகுதிகள் உதிர்ந்தன. கதையில் வந்த ‘கனூ’ என்ற பழங்குடித் தோணி, சொன்னவர்களுக்குப் பழக்கமான சாதாரணப் படகாக மாறிப்போனது. எதிர்ப்பக்கமும் உண்டு. கடல் ஏறி நிலத்தை விழுங்கிய கதைகள் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடம் கரையோரம் நெடுக இருக்கின்றன. அவை 7,000 ஆண்டுக்கு முந்தைய கடல் உயர்வின் நினைவு என்று பேட்ரிக் நன், நிக்கலஸ் ரீட் என்ற ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். அங்கே சொல்பவர் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கென்றே உறவுமுறைப்படி ஆட்கள் இருந்தார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

நசீர், ஜூரோங்: ரெட்ஹில் வட்டாரத்தின் பெயருக்குக் காரணமாகச் சொல்லும் வாள்மீன் கதையை விட்டால் சிங்கப்பூருக்கு என்ன கதை வரலாறு இருக்கிறது?

நிறைய. ஒரு காலத்தில் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் சீனக் கதைசொல்லிகள் ஊதுவத்தி கொளுத்திவைத்துச் சொல்வார்கள். மரப் பலகையில் கூலித் தொழிலாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். வத்தி எரிந்து முடிந்தால் காசு தட்டு வரும். அப்புறம் 1949இல் ரீடிஃப்யூஷன் என்ற கம்பிவழி வானொலி வந்தது. அதில் லீ டாய் சோ என்ற கதைசொல்லி கேன்டனீஸ் என்ற சீன மொழியில் கதை சொல்லும் நேரத்துக்காக வேலையை ஒதுக்கிவைத்தவர்கள் உண்டு.

நமக்கும் பங்கு இருக்கிறது. ராஃபிள்ஸுக்கு எழுத்தராக இருந்த முன்ஷி அப்துல்லா, 1835இல் பஞ்சதந்திரக் கதைகளைத் தமிழிலிருந்து மலாயில் பெயர்த்தார். அதே கதைகள் வேறொரு வழியாக, பஹ்லவி என்ற பழைய பாரசீக மொழி, அரபு என்று சுற்றி முன்னமே மலாய்க்கு வந்துவிட்டிருந்தன. இரண்டு வழியாகக் கிளம்பிய நரிகள் மலாயில் சந்தித்துக்கொண்டன!

ஷர்மிளா, பொங்கோல்: தொடக்கநிலை 2 படிக்கும் மகன் தமிழில் கதை சொன்னால் கேட்பதே இல்லை. ஐபேட் கேட்கிறான். என்ன செய்வது அக்கா?

புதுக் கதை தேடாதீர்கள். அவனுக்கு நன்றாகத் தெரிந்த கதையையே எடுத்து, வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுங்கள். காக்கா வடையை நரிக்குப் பாதி கொடுத்துவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறிப் போய்விட்டது என்று சொல்லிப் பாருங்கள். ‘அப்படி இல்லம்மா’ என்று அவனே குறுக்கே வருவான். வந்ததும் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியை அவன் சொல்லட்டும். நடுவில் ஆங்கிலம் கலந்தால் அப்போதே திருத்தாதீர்கள். ‘ஆமா’ மட்டும் போடுங்கள்.