மாப் எண்ணிக்கை சரியா, சிஸ்டர்?

மகப்பேறு அறுவை அரங்கில் 19 ஆண்டுகளாக ஸ்க்ரப் நர்ஸாக, அதாவது மருத்துவருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பவராக, இருக்கிறேன். சிசேரியனின்போது ஏற்படும் கடும் இரத்தப்போக்கு பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அக்கா, நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். திடீரென்று இரத்தம் பொங்கினால் ஸ்க்ரப் நர்ஸ் முதலில் எதை நீட்ட வேண்டும்?

மாப்பைத்தான், அதாவது இரத்தத்தை ஒற்றும் துணியை. அழுத்திப் பிடிப்பதற்கு ஈடான கருவி எங்கள் மேசையில் வேறு இல்லை. நீங்கள் உதவிக்கு நின்றால் துடைக்காதீர்கள், ஒற்றி எடுங்கள். துடைத்தால் உறையத் தொடங்கிய இரத்தமும் பிய்ந்து வந்துவிடும். கருப்பையைத் திறந்த இடத்தின் இரு ஓரங்களிலும்தான் பெரும்பாலும் பீறிடும். அந்த ஓரங்களைக் கவ்விப் பிடிக்கும் கிரீன் ஆர்மிடேஜ் ஃபோர்செப்ஸ், மருத்துவர் கேட்கும் முன்பே அவர் உள்ளங்கையில் விழ வேண்டும். ஊசியின் முனையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி ஊசியைப் பிடிக்கும் நீடில் ஹோல்டரைப் பூட்டி, அடுத்ததையும் தயாராக வையுங்கள். கருப்பை சுருங்கவில்லை என்றால், அதைச் சுற்றி இறுக்கிக் கட்டும் பி-லிஞ்ச் தையல் போடக்கூடும். அதற்குப் பெரிய ஊசியும் நீண்ட நூலும் வேண்டும். அலமாரியில் தேடுகிற நேரமல்ல அது.

என் மனைவியின் அறுவை சிகிச்சைக்கு நடுவில் ஓடிவந்து இரத்தம் கேட்டார்கள். முன்பே தெரியாதா?

பல நேரங்களில் தெரியாது, ஐயா. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 500 மில்லி லிட்டருக்கும் மேல் இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்தபின் கருப்பை இறுகினால்தான் அந்தக் குழாய்கள் அடைபடும். இறுகாமல் போகுமா என்று முன்கூட்டியே சொல்வது கடினம். இருந்தாலும், 500 மில்லிக்கு மேல் இழப்பு வரலாமா என்று மயக்கம் கொடுக்கும் முன்பே கேட்டுக்கொள்ளச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் சரிபார்ப்புப் பட்டியல். வரலாம் என்றால் இரண்டு ஐவி ஊசிகளும் இரத்தமும் ஆயத்தமாக இருக்கும்.

இழந்த இரத்தத்தைக் கண்ணால் பார்த்து மதிப்பிடலாமா?

கண்ணை நம்பாதீர்கள், குறைத்தே சொல்லும். நனைந்த மாப்பை எடைபோட்டு உலர்ந்த எடையைக் கழியுங்கள். 1 கிராமை 1 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். பனிக்குட நீர் முழுவதும் உறிஞ்சியதும் சக்‌ஷன் பாட்டிலின் அளவைக் குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீரும் இரத்தக் கணக்கில் ஏறிவிடும். மொத்தத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். "நிறையப் போகிறது" என்றால் யாரும் திரும்பமாட்டார்கள். "1,200 மில்லி" என்றால் மயக்க மருத்துவரே திரும்பிப் பார்ப்பார். இரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சாமிக் அமிலம் பிரசவமான 3 மணி நேரத்துக்குள் போக வேண்டும் என்பதால் கடிகாரத்தையும், மேசைக்கு வெளியே நின்று உதவும் சர்க்குலேட்டிங் நர்ஸ்தான் கவனிக்க வேண்டும்.

அவசரத்தில் மாப் எண்ணுவதை விட்டுவிடலாமா, சிஸ்டர்?

அவசரத்தில்தான் தொலையும். ஒருமுறை எங்களுக்கு ஒன்று குறைந்தது. பெரிய மருத்துவர் பொறுமையிழந்து, "மூடலாம்" என்றார். "எண்ணிக்கை சரியில்லை, சார்" என்று மறுபடியும் சொன்னேன். வயிற்றில் தேடினோம், வாளியில் தேடினோம். கடைசியில் குழந்தையைச் சுற்றி எடுத்துப்போன துணிக்குள் சுருண்டு கிடந்தது! அன்று கிடைக்காமல் போயிருந்தால் எக்ஸ்ரே எடுத்திருப்போம். மாப்பில் ஓடும் அந்த நீலக்கோடு எக்ஸ்ரேயில் தெரிவதற்காகத்தான். இரத்தத்தை அடக்க மாப்பை வேண்டுமென்றே உள்ளே வைத்து மூடினால், எத்தனை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

எனக்குக் கை நடுங்குகிறது.

எனக்கும் நடுங்கியது. கருவிகளை எப்போதும் ஒரே வரிசையில் அடுக்குங்கள், பார்க்காமலே கை எடுக்கும். வெறும் வயிற்றோடு அரங்குக்குள் போகாதீர்கள்.