நெதர்லாந்து எப்போது மனம்விட்டுப் பேசத் தொடங்கியது?

கேள்வி: பள்ளிகளில் பாலியல் கல்வி என்ற பேச்சு எழும்போதெல்லாம் நெதர்லாந்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். அந்நாட்டவர் தொடக்கத்திலிருந்தே இவ்வளவு வெளிப்படையானவர்களா, அல்லது சட்டம் போட்டு மாற்றினார்களா?

பதில்: இரண்டும் இல்லை. 1950கள் வரை நெதர்லாந்து, மதக் கட்டுப்பாடு மிகுந்த நாடாகத்தான் இருந்தது. கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட்டுகள், சோஷலிஸ்டுகள் என ஒவ்வொரு பிரிவினரும் தத்தமக்கெனத் தனி நாளிதழும் வானொலியும் சங்கங்களும் வைத்துக்கொண்டு, பிள்ளைகள் எதைத் தெரிந்துகொள்ளலாம் என்பதையும் தாங்களே தீர்மானித்தனர். நாட்டின் முதல் பெண் மருத்துவரான அலெட்டா யாக்கோப்ஸ், 1880களிலேயே ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்குக் கருத்தடைச் சாதனம் கொடுத்தபோது, அவரை முதலில் எதிர்த்தவர்களில் சக மருத்துவர்களும் இருந்தனர். 1911இல் வந்த ஒழுக்கச் சட்டம், கருத்தடைச் சாதனங்களைக் கடையில் காட்சிக்கு வைப்பதையும் விளம்பரப்படுத்துவதையும் தடை செய்தது.

இந்தத் தடையே ஓர் இயக்கத்தை வளர்த்தது என்பதுதான் வேடிக்கை. 1946இல் தொடங்கப்பட்ட பாலியல் சீர்திருத்தச் சங்கம் தன் உறுப்பினர்களுக்குக் கருத்தடைச் சாதனங்களையும் ஆலோசனையையும் வழங்கியதால், கொள்கைப்பற்று இருந்தவர்களும் இல்லாதவர்களுமாக 1960களின் நடுவில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் சேர்ந்திருந்தனர். கருத்தடை மாத்திரை குடும்ப மருத்துவரிடமே கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது.

என் கணிப்பில், உண்மையான திருப்பம் 1963இல் ஒரு தொலைக்காட்சி உரையில் நிகழ்ந்தது. எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்பது தம்பதியரின் மனசாட்சிக்கு உட்பட்டது, அதில் பிறர் தலையிட இடமில்லை என்று டென் போஸ் மறைமாவட்ட ஆயர் பெக்கர்ஸ், கத்தோலிக்க ஒளிபரப்பிலேயே பேசினார். பாலுறவைப் பற்றி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேசலாம் என்ற துணிவைத் திருச்சபையின் எதிர்ப்பாளர்கள் அல்ல, ஓர் ஆயரே தந்தார். அடுத்த பத்தாண்டுகளுக்குள் மாத்திரை மருத்துவக் காப்பீட்டிலும் சேர்ந்தது. பதின்ம வயதுப் பிள்ளைகளின் காதலை மறைக்கச் சொல்வதைவிட, தெரிந்துகொண்டு நெறிப்படுத்துவதே மேல் என்று பெற்றோர் பலரும் கருதலாயினர். அமெரிக்கப் பெற்றோரையும் டச்சுப் பெற்றோரையும் ஒப்பிட்டு ஆராய்ந்த சமூகவியலாளர் எமி ஷாலெட் கண்ட முக்கிய வேறுபாடும் இதுவே. 1980களின் எய்ட்ஸ் அச்சம் பள்ளிப் பாடங்களுக்கு வேகம் கொடுத்தது.

சட்டம் கடைசியில்தான் வந்தது. பாலியல் பற்றியும் பாலின ஈர்ப்பின் பன்மை பற்றியும் பள்ளிகள் கற்பிக்க வேண்டும் என்பது 2012இல்தான் கட்டாயமானது. தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் நடத்தப்படும் சிறப்பு வாரத்தில், சிறு பிள்ளைகளுக்கு உடலுறுப்புகளின் பெயர்களையும், பிடிக்காத தொடுதலுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்வதையும் கற்றுத் தருகிறார்கள். இவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றலாம். ஆனால் 2023இல் இந்த வாரத்தைப் பற்றிச் சமூக ஊடகங்களில் பொய்த் தகவல்கள் பரவி, அதை ஒருங்கிணைக்கும் ருட்கர்ஸ் நிறுவனத்தின் ஊழியர்களுக்கு மிரட்டல்கள் வந்தன.

பதின்ம வயதுத் தாய்மை அங்கு மிகக் குறைவு: அண்மை ஆண்டுகளில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்கள் ஆயிரம் பேருக்கு மூன்று பிரசவங்கள்கூட இல்லை. இதற்கான பெருமை முழுவதையும் பள்ளிக்குக் கொடுத்துவிட முடியாது. எப்படிக் கற்பிப்பது என்பதைப் பள்ளிகளே முடிவு செய்வதால் தரம் இடத்துக்கு இடம் மாறுகிறது. 2017இல் வெளியான ஆய்வொன்றில் டச்சு இளைஞர்கள் தங்கள் பள்ளியின் பாலியல் கல்விக்கு அளித்த மதிப்பெண் பத்துக்கு 5.8.