அங்கே ரிவர்ட் வேறு, இங்கே ரிவர்ட் வேறு

கேள்வி: கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் சப்வெர்ஷன் கருவியில் 14 வருடங்களாக வேலை செய்தவன் நான். போன மாதம் எங்கள் அலுவலகம் அதே வேலையைச் செய்யும் கிட்டுக்கு மாறியது. நேற்று ஒரு ஃபைலில் செய்த திருத்தம் வேண்டாமென்று ரிவர்ட் கொடுத்து, சர்வருக்குப் புஷ்ஷும் செய்தேன். என் ஃபைல் அப்படியே இருக்கிறது, சக ஊழியரின் கோட் காணாமல் போய்விட்டது. அலுவலகத்தில் நான் வேலை பழக்கிவிட்ட பிள்ளைகளிடமே போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இந்த வயதில் இது எனக்கு வருமா?

பதில்: வரும். நீங்கள் செய்தது சப்வெர்ஷன் நன்றாகத் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு.

முதலில் சேதத்தைச் சரிசெய்வோம். கிட்டின் ரிவர்ட் எதையும் அழிப்பதில்லை. பழைய கமிட்டுக்கு (பதிந்த மாற்றத்துக்கு) நேரெதிரான புதுக் கமிட் ஒன்றைச் சேர்க்கிறது, அவ்வளவுதான். கமிட்டுகளின் பட்டியலான கிட் லாகில் அந்தப் புதுக் கமிட்டின் ஹேஷை (அடையாளக் குறியை) எடுத்து, அதையே ரிவர்ட் செய்து புஷ் செய்யுங்கள். சக ஊழியரின் கோட் திரும்பிவிடும். ரீசெட் செய்து (வரலாற்றைப் பழைய கமிட்டுக்குப் பின்னிழுத்து) ஃபோர்ஸ் புஷ் கொடுக்க (அதைச் சர்வரில் வலிந்து ஏற்ற) சொல்லி யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். மற்றவர்கள் இதற்குள் புல் செய்து சர்வரின் மாற்றங்களை இறக்கியிருந்தால் அவர்களுடைய வரலாறும் சர்வரின் வரலாறும் முரண்படும்.

நீங்கள் தேடிய பழைய ரிவர்ட், அதாவது கமிட் செய்யாத திருத்தத்தைக் கைவிடுவது, கிட்டில் 'ரெஸ்டோர்' என்ற பெயரில் இருக்கிறது. 2019 ஆகஸ்டில் வந்த 2.23 பதிப்பில்தான் அது சேர்ந்தது. அதுவரை அந்த வேலையையும் செக்அவுட்தான் செய்தது. செக்அவுட்டும் உங்களுக்குப் பொறிதான்: சப்வெர்ஷனில் அது சர்வரிலிருந்து கோடை முதன்முதலாக இறக்குவது, இங்கே அதற்குப் பெயர் குளோன். கமிட் இன்னும் ஆபத்து. சப்வெர்ஷனில் கமிட் செய்தால் சர்வருக்குப் போய்விடும்; கிட்டில் உங்கள் கணினியிலேயே நிற்கும், புஷ் செய்தால்தான் போகும். மாலையில் கமிட் செய்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனால், காலையில் 'உங்கள் மாற்றம் வரவில்லையே' என்பார்கள். ரிவர்ட், செக்அவுட், கமிட் ஆகிய இந்த மூன்று சொற்களையும் மறந்துவிட்டுப் புதிதாகப் படியுங்கள். மற்றவை தானே படியும்.

அடுத்து உங்களை மிரட்டப்போவது புஷ் நிராகரிப்பு. சப்வெர்ஷனில் அதே ஃபைலை வேறொருவர் மாற்றியிருந்தால்தான் கமிட் மறுக்கப்படும். கிட்டில் அதே பிராஞ்சில் (கோடின் கிளையில்) எவர் எந்த ஃபைலை மாற்றி முந்திக்கொண்டாலும் மறுக்கும். ஏதோ கெட்டுவிட்டதாகப் பதறாமல், ரீபேஸ் ஆப்ஷனோடு (உங்கள் கமிட்டுகளைச் சர்வரின் கமிட்டுகளுக்கு மேல் மறுபடி அடுக்குவது) புல் செய்து மறுபடி புஷ் செய்யுங்கள். அதற்கு முன் பாதியில் நிற்கும் வேலையைக் கமிட் செய்யுங்கள், இல்லையென்றால் ஸ்டாஷில் (தற்காலிக ஒதுக்கிடத்தில்) வையுங்கள். ரீபேஸில் கான்ஃப்ளிக்ட் (இருவரின் மாற்றங்கள் ஒரே இடத்தில் மோதுவது) வந்தால் ஒரு எச்சரிக்கை: அப்போது 'அவர்ஸ்' என்பது சர்வரிலிருந்து வந்தது, 'தெயர்ஸ்' என்பது உங்களுடையது. அவசரத்தில் 'அவர்ஸ்' கொடுத்தால் உங்கள் உழைப்பே போகும்.

கமிட் செய்ததை எளிதில் இழக்க முடியாது. பிராஞ்சிலிருந்து விலகிப்போன கமிட்டையும், கிட் உங்கள் கணினியில் வைக்கும் நகர்வுக் குறிப்பான ரிஃப்லாக் சாதாரணமாக 30 நாள் நினைவில் வைத்திருக்கும். கமிட்டே செய்யாத திருத்தத்தின் மேல், ஃபைல்களிலுள்ள திருத்தங்களையும் அழிக்கும் ஹார்டு ரீசெட் கொடுத்தால் ரிஃப்லாகாலும் மீட்க முடியாது. அதனால் சின்னச் சின்னதாக, அடிக்கடி கமிட் செய்யுங்கள்.

பயிற்சிக்கு சர்வர் வேண்டாம். உங்கள் கணினியிலேயே ஒரு பேர் ரெப்போ (சர்வரைப் போல வரலாற்றை மட்டும் வைத்திருக்கும் களஞ்சியம்) உருவாக்கி, அதை இரண்டு ஃபோல்டர்களில் குளோன் செய்யுங்கள். இரண்டிலும் ஒரே வரியை வேறுவேறாக மாற்றி, இரண்டு ஆட்களைப் போல மாறிமாறிப் புஷ் செய்யுங்கள். நிராகரிப்பு, கான்ஃப்ளிக்ட், ரீபேஸ் மூன்றும் ஒரு மணி நேரத்துக்குள் கைக்கு வந்துவிடும். கமிட் செய்துவிட்டு, வேண்டுமென்றே ஹார்டு ரீசெட் செய்து ரிஃப்லாகிலிருந்து மீட்டும் பாருங்கள். பயம் போக அதைவிட நல்ல வழி இல்லை.

பிள்ளைகளிடம் தயங்காமல் கேளுங்கள். ஆனால் 'எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்று போகாதீர்கள். கிட் ஸ்டேட்டஸ் (ஃபைல்களின் இப்போதைய நிலை) காட்டுவதைத் திறந்து வைத்து, 'நான் எதிர்பார்த்தது இது, வந்தது இது' என்று கேளுங்கள். அவர்களுக்கும் உங்களிடம் கேட்க நிறைய இருக்கும்: பழைய பக் ரிப்போர்ட்டில் வெறும் சப்வெர்ஷன் ரிவிஷன் எண்ணாக நிற்கும் திருத்தம் ஏன் செய்யப்பட்டது என்பது உங்களுக்குத்தான் தெரியும். சப்வெர்ஷன் வரலாற்றை கிட்-எஸ்விஎன் கருவியால், மெட்டாடேட்டாவை (துணைத் தகவலை) நீக்காமல் கிட்டுக்கு மாற்றியிருந்தால், அந்த எண் ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் இருக்கும், லாகில் தேடலாம். இல்லையென்றால் பழைய சர்வரை அணைத்துவிடாமல் ரீட்-ஒன்லியாக வைத்திருக்கும்படி அட்மினிடம் இன்றே சொல்லுங்கள்.