கேட்டுப் பார்த்தல்

வணக்கம் ஐயா,

பிரிட்டிஷ் மியூசியத்தின் பொருட்களைப் பற்றி பிபிசி ரேடியோ 4-இல் 2010-ஆம் ஆண்டு ஒலிபரப்பான ‘நூறு பொருட்களில் உலக வரலாறு’ தொடரைக் கேட்கும்படி ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். நான் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கூலிக் கணக்கு எழுதுகிறேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம் பஸ் பயணம். நாற்பது பகுதிகளை முடித்துவிட்டேன்.

‘அருங்காட்சியகத்தை ரேடியோவில் கேட்பதா? அல்வாக் கடை வாசலில் நின்று மோப்பம் பிடித்துவிட்டு வருகிற மாதிரி’ என்று என் கணவர் சிரிக்கிறார். நாற்பதாவது பகுதியில் வரும் ரோமானிய மிளகுக் குடுவையின் படத்தை மகள் போனில் தேடிக் காட்டினாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நான் ஒரு சொம்பு அளவுக்காவது நினைத்திருந்தேன். இனிமேல் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கேட்க வேண்டுமா? என் ஆங்கிலமும் அரைகுறை. கேட்டதில் பாதி மறுநாள் நினைவில் நிற்பதில்லை. பரீட்சையா எழுதப் போகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாலும் உறுத்துகிறது.

சி., ஈரோடு


அன்புள்ள சி.,

முதலில் உங்கள் கணவருக்கு. அவர் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவராக இருக்க முடியாது. எங்கள் வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்ததும் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்துவிடுவோம். முழு சினிமாவைச் சுருக்கி, வசனத்தையும் பாட்டையும் மட்டும் போடுவார்கள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே அழுவார். அப்படிக் கேட்ட ஒரு படத்தில் வில்லன் மாடியிலிருந்து இறங்கி வருவான். செருப்புச் சத்தத்தை எண்ணி நான் அவனுக்கு முப்பது படி கட்டி வைத்திருந்தேன். பல வருடங்கள் கழித்துக் கொட்டகையில் அதே படத்தைப் பார்த்தபோது எட்டே படிதான் இருந்தது. உங்கள் மிளகுக் குடுவை சிறுத்துப்போனதும் இதே கதைதான். அதற்காக நான் ஒலிச்சித்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த முப்பது படியும் இன்னும் என்னிடம் இருக்கிறது.

படத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு பாருங்கள் என்கிறேன். போனில் எல்லாமே போன் அளவுதான். ஏழு டன்னுக்கு மேல் கனக்கும் எகிப்திய மன்னன் இரண்டாம் ராம்சேஸின் சிலையும், சுமார் பத்து சென்டிமீட்டர் உயரமுள்ள உங்கள் மிளகுக் குடுவையும் ஒரே கட்டைவிரலுக்கு அடியில் நகர்ந்து போய்விடும். படத்தைப் பார்த்த மறு நொடியே ‘பார்த்தாயிற்று’ என்ற எண்ணம் வேறு வந்துவிடுகிறது.

அப்போது பிரிட்டிஷ் மியூசியத்தின் இயக்குநராக இருந்த நீல் மெக்கிரெகருக்கு அந்த வசதி இல்லை. கையில் இருப்பது பதினைந்து நிமிடம், காட்ட ஒன்றும் கிடையாது. ஆகவே எதைச் சொல்வது, எதை விடுவது என்று ஒவ்வொரு பொருளுக்கும் அவர் முடிவெடுத்தாக வேண்டும். மிளகுக் குடுவையின் படத்தில் உங்கள் மகள் கண்டது ஒரு வெள்ளிப் பெண்ணுருவத்தை, இல்லையா? தலை அலங்காரம், காதணி, கையில் ஏதோ ஒரு சுருள். அடியில் ஒரு தட்டு இருப்பது படத்தில் தெரியாது. அதை ஒரு நிலைக்குத் திருப்பினால் மூடிக்கொள்ளும், இன்னொரு நிலையில் மிளகை நிரப்பலாம், மற்றொன்றில் தூவலாம். நம் வீட்டு மேசையில் இருக்கும் டப்பாவின் வேலையேதான். பார்த்திருந்தால் கழுத்துக்கு மேலேயே நின்றிருப்போம்.

அது கிடைத்த கதையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுவேன். 1992-இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ஹாக்ஸ்னி என்ற ஊரில், ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிடுகிறார். உலோகம் கண்டுபிடிக்கும் கருவி வைத்திருந்த நண்பர் அதைத் தேடப் போய், ஏறத்தாழ பதினைந்தாயிரம் ரோமானியக் காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும் நிறைந்த புதையலைக் கண்டெடுக்கிறார். சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இப்போது மியூசியத்தில் இருக்கிறது. ரோமானிய ஆட்சி பிரிட்டனில் கலைந்துகொண்டிருந்த காலத்தில் யாரோ ஒரு பணக்காரக் குடும்பம் புதைத்து வைத்து, எடுக்கத் திரும்பி வராத சொத்து அது.

அந்தக் குடுவைக்குள் போன மிளகு நம் பக்கத்து மலைச்சரக்கு. 408-இல் ரோம் நகரை முற்றுகையிட்ட கோத் இனத் தலைவன் அலாரிக், விலகிப் போகக் கேட்ட கப்பத்தில் தங்கம், வெள்ளி, பட்டோடு 3000 ராத்தல் மிளகும் இருந்தது. இன்றைய கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்றுக் குறைவு. முசிறித் துறைக்கு யவனர் கலங்கள் ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூறு. கறி என்றால் இங்கே மிளகு. பாட்டு குடுவையைவிடச் சில நூற்றாண்டுகள் முந்தியது. ஆனாலும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தப் பகுதியைக் கேட்டபோது, துறையிலிருந்து கிளம்பியது போய்ச் சேர்ந்த வீட்டின் சாப்பாட்டு மேசையை எட்டிப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

உங்கள் தொழிலுக்கு நெருக்கமானது பதினைந்தாவது பகுதி. அது வேகமாகக் கடந்து போயிருக்கும், இன்னொரு முறை கேளுங்கள். தெற்கு இராக்கில் கிடைத்த களிமண் பலகை. சுமார் 5000 ஆண்டுகள் பழையது, உள்ளங்கையில் அடங்கும். அதில் இருப்பது வேலையாட்களுக்கு அளந்த பீர் படிக் கணக்கு. அடி கூம்பிய ஒரு ஜாடியை வரைந்தால் பீர் என்று அர்த்தம். பக்கத்தில் எண்களுக்காக ஈர மண்ணில் அழுத்திய குழிகள். தலையும் கிண்ணமும் சேர்ந்தால் உண்பது. எழுத்து என்றதும் நாம் கவிதையையும் கடவுள் வாழ்த்தையும் நினைக்கிறோம். அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்களைப் போன்ற ஒரு கூலிக் கணக்குப்பிள்ளை. மீட்டருக்குப் பதில் ஜாடி, அவ்வளவுதான் வித்தியாசம்.

எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. பெயர் உலக வரலாறு, ஆனால் நூறு பொருளும் இருப்பது லண்டனில், ஒரே நிறுவனத்தின் கையில். சொல்பவரும் அந்த வீட்டுக்காரரே. விருந்தாளியை உட்கார வைத்துத் தன் அலமாரியைத் திறந்து காட்டுபவரின் குரல், எத்தனை நயமாக இருந்தாலும், சில கேள்விகளை உரக்கக் கேட்காது. எந்தப் பொருள் எந்த வழியாக அந்தக் கட்டடத்துக்குள் வந்தது என்பதற்கே தனியாக இன்னொரு நூறு பகுதிகள் போட வேண்டும். நான் இதைச் சொன்னால் நண்பர்கள், ‘ஓசியில் கேட்டுவிட்டு நொட்டை சொல்கிறாயே’ என்கிறார்கள். சொல்லத்தான் செய்வேன்.

ஆங்கிலம் அரைகுறை என்பதைப் பெரிதாக எண்ணாதீர்கள். மெக்கிரெகர் நிறுத்தி நிதானமாகப் பேசுபவர். ஒரே பகுதியைப் போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை கேளுங்கள். பழகியபின் அதே ரேடியோ 4-இன் ‘இன் அவர் டைம்’ உரையாடல் நிகழ்ச்சி பக்கம் போகலாம். 1998-இல் தொடங்கிய அதைக் கால் நூற்றாண்டுக்கும் மேலாக மெல்வின் பிராக் நடத்தினார். மேசையில் எந்தப் பொருளும் கிடையாது. பெரும்பாலும் மூன்று அறிஞர்கள், ஒரு தலைப்பு, முக்கால் மணி நேரம். பேராசிரியர் தலைப்பைவிட்டு நழுவினால் பிராக் பிடித்து இழுத்து வந்துவிடுவார். அந்த அவசரத்துக்கு உங்கள் காது தயாராகச் சில மாதங்கள் ஆகும். அதுவரை அந்தப் பக்கம் போகாதீர்கள், மனம் விட்டுப்போகும்.

மறதியைப் பற்றி என்ன சொல்ல? எனக்கும் ஆண்டுகள் நிற்பதில்லை. இதை எழுதும்போதுகூட எண்களைச் சரிபார்த்துக்கொண்டுதான் எழுதினேன். சுத்தியல் மட்டும் மறக்கவில்லை.

நீங்கள் இன்னும் 86-ஆவது பகுதியை எட்டியிருக்க மாட்டீர்கள். அது ஒரு மேளம். பதினெட்டாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வர்ஜினியாவில் வாங்கப்பட்டு, ஹான்ஸ் ஸ்லோன் என்ற மருத்துவரின் சேகரிப்பு வழியாக மியூசியத்துக்கு வந்தது. அமெரிக்கப் பழங்குடியினர் செய்தது என்றே நீண்ட காலம் நினைத்திருந்தார்கள். பிறகு மரத்தைப் பார்த்தால் அது மேற்கு ஆப்பிரிக்க மரம். அடிமைக் கப்பலில் கடல் கடந்து போன மேளம். சங்கிலியில் கிடந்தவர்களின் உடம்பு கெட்டுவிடாமல் இருக்க, கப்பலின் மேல்தளத்துக்கு ஏற்றி ஆட வைப்பார்கள். அதற்கு அடிக்க ஒரு மேளம் வேண்டியிருந்தது.

அதை மகளோடு சேர்ந்து கேளுங்கள். கேட்டு முடிந்ததும் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து அந்த மேளத்தை வரையச் சொல்லுங்கள். நீங்களும் தனியாக வரையுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் போனை எடுக்கலாம்.