ஆறு மாதம் வெளிநாட்டில் ஆங்கிலம்: மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. பட்டப்படிப்பு முடித்த கையோடு ஆறு மாதம் வெளிநாட்டில் தங்கி ஆங்கிலம் படிக்கப் போகிறேன் என்று மகள் சொல்கிறாள், இது படிப்பா ஊர்சுற்றலா, போடுகிற பணம் வீண்தானோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் போகலாமா வேண்டாமா என்று வீட்டில் சண்டை போடுவதற்கு முன், எப்போது போவது என்று யோசியுங்கள். பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

ஆங்கிலம் தட்டுத்தடுமாறியாவது பேச வந்த பிறகு போனால் பலன் உண்டு. சுத்தமாக வராத நிலையில் போனால், வீட்டிலிருந்தே கற்றிருக்கக்கூடியதைப் பெரிய செலவில் கற்றுக்கொண்டு திரும்புவாள். என்னிடம் வரும் எல்லாப் பெற்றோரிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

கணக்கு போட்டுப் பார்த்தால் புரியும். ஐரோப்பிய கவுன்சில் 2001-ல் வெளியிட்ட ஓர் அளவுகோலில் மொழித்திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ1 கீழ்ப்படி, சி2 மேல்படி. தட்டுத்தடுமாறியாவது பேச வரும் என்று நான் சொன்ன நிலை ஏறக்குறைய பி1. உலகம் முழுக்க மொழிப் பள்ளிகள் பேசும் கணக்கு இதுதான். அடிப்படையிலிருந்து தொடங்கி பி1-ஐத் தொட ஆசிரியரோடு சுமார் 350 முதல் 400 மணி நேரம், பி2-ஐத் தொட 500 முதல் 600 மணி நேரம் ஆகும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பு சொல்லும் தோராயம். இப்போது பள்ளியின் விளம்பரத் தாளை எடுங்கள். 'வாரம் 20 பாடங்கள்' என்று இருக்கும். பல இடங்களில் ஒரு பாடம் என்றால் 45 நிமிடம். ஆக வாரத்துக்கு 15 மணி நேரம். 24 வாரத்துக்கு 360 மணி நேரம். ஆரம்பத்திலிருந்து தொடங்குகிறவள் அப்போதுதான் பி1 வாசலுக்கு வந்திருப்பாள். கடைக்காரரோடு, பக்கத்து அறைக்காரியோடு கொஞ்சம் நிம்மதியாகப் பேச ஆரம்பிக்கும்போது திரும்பி வர டிக்கெட் தயாராக இருக்கும். அதே 360 மணி நேரம், ஏற்கெனவே பி1-ல் இருக்கும் பெண்ணை பி2-க்கு ஏற்றிவிட்டு மிச்சமும் வைக்கும். அதனால் முதலில் ஒரு படிநிலைத் தேர்வு எழுதச் சொல்லுங்கள். பல பள்ளிகள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. பி1 வரவில்லையா, பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். கைவிட வேண்டாம்.

சரி, பி1 இருக்கிறது, போகிறாள். அங்கே என்ன நடக்கும்?

முதல் சில வாரங்கள் மௌனமாக இருப்பாள். நான்கு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள். இவளுக்கும் சொல்ல ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டுகிறாள், இறந்தகாலம் சரியா என்று பார்க்கிறாள், வாயைத் திறக்கும்போது பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. சிரிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். தாய்மொழியில் வாயாடி என்று பெயர் வாங்கிய பெண்ணுக்கு இது சாதாரண அடி இல்லை. தன் அறிவில் பாதியைத்தான் வெளியே காட்ட முடிகிறது என்ற நிலையில் நாள் முழுக்க இருக்க வேண்டும். அங்கிருந்து மெல்ல மெல்ல, வாக்கியம் முடியாவிட்டாலும் பரவாயில்லை என்று பாதியில் நுழையக் கற்றுக்கொள்கிறாள். புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கூச்சமில்லாமல் கேட்கிறாள். ஆளுமை வளர்ச்சி என்று எல்லோரும் சொல்வதில் நான் உண்மையாகக் கண்ட பகுதி இதுதான். மலை உச்சியில் எடுத்த புகைப்படத்தில் அது தெரியாது.

அடுத்த கட்டம் தொலைபேசி. நேரில் என்றால் கையைக் காட்டலாம், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து ஊகிக்கலாம். போனில் அதெல்லாம் கிடையாது. அறைக்கான முன்பணத்தைத் திருப்பிக் கேட்பது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, தவறாகப் பிடித்த கட்டணத்தை விசாரிப்பது என்று மூன்று நான்கு அழைப்புகளைத் தானாகவே செய்து முடித்த பெண், வேலைக்கான தொலைபேசி நேர்காணலுக்குப் பெரிதாகப் பயப்பட மாட்டாள். வெளிநாட்டில் தங்கிப் படித்தவர்களைப் பற்றிய ஆய்வுகளும் பொதுவாக இந்தத் திசையில்தான் பேசுகின்றன: இலக்கணச் சுத்தத்தைவிட தயங்காமல் பேசும் வேகத்தில்தான் முன்னேற்றம் அதிகம் தெரிகிறது. இலக்கணம் வகுப்பில் வரும்; இந்தத் துணிச்சல் அங்கே தானாக அலைந்தால்தான் வரும்.

உங்கள் பங்கு இங்கேதான் வருகிறது அம்மா, கொஞ்சம் கசப்பாக இருக்கும். அந்த அழைப்பை நீங்களோ அங்கிருக்கும் சொந்தக்காரரோ செய்து கொடுத்தால், அவள் போனதே வீண். அதேபோல, பாதுகாப்பு என்று நினைத்து நம் மொழி பேசும் பிள்ளைகள் மட்டும் இருக்கும் வீட்டில் அறை பார்க்காதீர்கள். காலையில் வகுப்பில் மூன்று மணி நேரம் ஆங்கிலம், மிச்ச நாள் முழுக்கத் தாய்மொழி என்றால் ஆறு மாதம் போதாது. நம் ஆட்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனசு விட்டுப் பேச ஒருவர் இருக்கட்டும், வீட்டுக்குள் வேண்டாம்.

அழுதுகொண்டே ஓர் அழைப்பு வரும், அதற்கும் தயாராக இருங்கள். புதிய நாட்டுக்குப் போகிறவர்கள் முதலில் எல்லாவற்றையும் ரசிப்பார்கள், பிறகு எல்லாவற்றின் மீதும் எரிச்சல் வரும், அப்புறம்தான் மெல்லப் பழகுவார்கள் என்று கலெர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் 1960-லேயே எழுதியிருக்கிறார். எல்லோருக்கும் அந்த வரிசையில்தான் வரும் என்றில்லை. ஆனாலும் அந்த எரிச்சல் கட்டத்தில் வரும் ஒரு போனைக் கேட்டுவிட்டு உடனே கிளம்பி வா என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் பேசலாம் என்று சொல்லுங்கள். ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: யாராவது மிரட்டுகிறார்கள், தொந்தரவு செய்கிறார்கள், தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. பள்ளியின் மாணவர் நலப் பொறுப்பாளரிடம் அன்றே பேச வேண்டும்.

எந்த நாடு என்று கேட்டிருந்தீர்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா மட்டும்தான் என்று இல்லை. அயர்லாந்திலும் மால்டாவிலும் ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. இரண்டிலும் மொழிப் பள்ளிகள் நிறைய உண்டு. அதோடு, உலகில் ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலானோருக்கு அது தாய்மொழி கிடையாது. நாளைக்கு அவள் வேலை பார்க்கப் போவதும் அப்படிப்பட்டவர்களோடுதான். வகுப்பில் பிரேசில், ஜப்பான், துருக்கி என்று பல நாட்டுப் பிள்ளைகள் இருந்தால் அதுவே நல்ல பயிற்சி. ஒரே நாட்டுக்காரர்கள் பாதிக்கு மேல் இருக்கும் வகுப்பு என்றால் வேறு பள்ளி பாருங்கள். இந்தக் கேள்வியைப் பள்ளிக்கு மின்னஞ்சலில் கேட்டால் பதில் சொல்வார்கள். கேட்கிற மின்னஞ்சலை மகளே எழுதட்டும்.

ஏஜென்ட் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்ட வேண்டாம். பிரிட்டன் பள்ளி என்றால் பிரிட்டிஷ் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, ஆஸ்திரேலியா என்றால் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்க அனுமதி பெற்ற பள்ளிகளுக்கான அரசின் க்ரைகோஸ் (CRICOS) பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே இணையத்தில் பாருங்கள். போய் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று யாராவது சொன்னால் விசா விதியைக் காட்டச் சொல்லுங்கள். பிரிட்டனில் 6 முதல் 11 மாத ஆங்கிலப் படிப்புக்கான குறுகிய கால விசாவில் வேலை பார்க்க அனுமதி கிடையாது.

முதுகலையும் படிக்கும் எண்ணம் இருந்தால், தனியாக மொழிப் பயணம் தேவைதானா என்றும் யோசிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதி உதவியோடு பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டியிருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். எந்த நாட்டவரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். போட்டி கடுமை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக, வேலை. பயோடேட்டாவில் 'ஆறு மாதம் வெளிநாட்டில் தங்கிய அனுபவம்' என்ற ஒரு வரிக்கு யாரும் மதிப்பு கொடுப்பதில்லை. என்ன சிக்கல் வந்தது, யாரிடம் பேசினாய், எப்படி முடித்தாய் என்றுதான் கேட்பார்கள். அதனால் நடந்ததை அவ்வப்போது நாலு வரி ஆங்கிலத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். மேற்படிப்புக்கோ வேலைக்கோ சான்றிதழ் தேவைப்பட்டால் ஐஇஎல்டிஎஸ் (IELTS) என்ற ஆங்கிலத் திறன் தேர்வை, விசாவுக்கே கேட்டால் ஒழிய, கிளம்பும் முன் எழுத வேண்டாம். அதன் பேச்சுப் பகுதியில் ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் யோசிக்கவிட்டு, இரண்டு நிமிடம் வரை பேசச் சொல்வார்கள். மனப்பாடம் செய்தவர்கள் அங்கேதான் மாட்டுவார்கள். ஆறு மாதத்தின் கடைசி வாரங்களில் எழுதினால் அந்தப் பகுதி அவளுக்குச் சுலபமாக இருக்கும். மதிப்பெண் வழக்கமாக 2 ஆண்டுகள்தான் செல்லும், அந்தக் காலமும் முழுதாகக் கையில் இருக்கும்.