ஆட்டு ஈரலில் நீர்க்கட்டி: நாய்க்குப் போட்டுவிட்டார்களே, என்ன செய்வது?

கேள்வி: வீட்டில் வளர்த்த ஆட்டை அறுத்தபோது ஈரலிலும் நுரையீரலிலும் எலுமிச்சை அளவில் நான்கைந்து நீர்க்கட்டிகள் இருந்தன. வெட்டியவர் "இதெல்லாம் சகஜம்" என்று அவற்றை அரிந்து நாய்க்குப் போட்டுவிட்டு, மிச்ச ஈரலைக் கொடுத்தார். வறுத்துச் சாப்பிட்டோம். ஒரு கட்டி உடைந்து தண்ணீர் என் கையில் தெறித்தது. எங்களுக்குப் புழு வருமா?

பதில்: சாப்பிட்டதால் வராது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ஹைடாடிட் கட்டி, ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம். அதைத் தின்று மனிதருக்கு இந்த நோய் வருவதில்லை. கையில் தெறித்ததற்கும் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

விஷயம் உங்கள் நாயிடம் இருக்கிறது. அந்தக் கட்டியை அறுத்தால் உள்ளே அவித்த முட்டையின் வெள்ளைக்கரு போல ஒரு சவ்வு வழுக்கிக்கொண்டு வரும். நீரைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் அடியில் மணல் மாதிரி படியும். அந்த மணலின் ஒவ்வொரு துகளும் நாயின் குடலில் ஒரு நாடாப்புழு ஆகலாம். முழுதாக வளர்ந்தாலும் நீளம் பெரும்பாலும் 7 மில்லிமீட்டரைத் தாண்டாது என்பதால் நாயின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. நான்கைந்து வாரம் போனால் முட்டை வெளியேறத் தொடங்கும். அந்த முட்டை, நாயைத் தடவிய கை வழியாகவோ கழுவாத கீரை வழியாகவோ வாய்க்குள் போனால்தான் மனிதருக்கு ஈரலில் கட்டி வரும்.

ஆகவே இந்த வாரமே நாயைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மருந்துக் கடையில் போய் "பூச்சி மாத்திரை" என்று கேட்காதீர்கள். கையில் கிடைத்ததைக் கொடுத்து அனுப்புவார்கள். பலவற்றுக்கு இந்தப் புழு அசையாது. பிரசிகுவாண்டல் என்ற நாடாப்புழு மருந்து அதில் இருக்க வேண்டும், நாயின் எடைக்குத் தக்க அளவில். கொடுத்த பின் இரண்டு நாள் கட்டிப்போட்டு, மலத்தைக் கையுறையோடு அள்ளி ஆழமாகப் புதையுங்கள். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது.

வெட்டியவர் சகஜம் என்றதில் ஒரு பாதி உண்மை உண்டு. ஆட்டின் குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வில், ஈரலுக்கு வெளியே, தண்ணீர் நிரப்பிய பலூன் போலத் தனியாகத் தொங்கும் ஒரு பை வரும். உள்ளே ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அது வேறு நாடாப்புழு, மனிதரைத் தொடாது. ஆனால் தொங்கினால் மட்டும்தான் அது. ஈரலின் சதைக்குள்ளோ நுரையீரலுக்குள்ளோ புதைந்திருந்தால் இந்தச் சமாதானம் செல்லாது. தொங்குவதையும் நாய்க்குப் போடக் கூடாது. அதன் வயிற்றில் அதுவும் புழுவாகும், திரும்ப ஆட்டுக்குப் போகும்.

எனக்குக் கோபம் வருவது வேறொரு இடத்தில். இறைச்சிக்கூடத்தில் சோதித்து, கட்டி உள்ள ஈரலை ஒதுக்கி, கறிக்கு முத்திரையும் குத்துகிறார்கள். ஒதுக்கிய ஈரல் மூடியில்லாத வாளியில் கிடக்கிறது, வாசலில் நாய்கள் காத்திருக்கின்றன. போதாததற்கு "நாய்க்குத்தானே" என்று அதைக் கிலோ கணக்கில் வாங்கிப் போகும் தரகர்கள். நாய்க்கு என்பதுதான் தவறே! ஐஸ்லாந்து தீவு முழுக்கப் பரவியிருந்த இந்த நோயை, பச்சை உறுப்பு நாய்க்குப் போகாமல் தடுத்தும் நாய்களுக்கு மருந்து கொடுத்தும் ஒழித்துக் காட்டியது. ஒரு மூடியும் ஒரு குழியும் அமைக்க நமக்கு இன்னும் எத்தனை சுற்றறிக்கை வேண்டும்? உறுப்புகளை நாய்க்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

அப்புறம், ஆடு உங்கள் வீட்டிலேயே வளர்ந்தது என்கிறீர்கள். எலுமிச்சை அளவுக் கட்டி ஒரு வாரத்தில் வந்திருக்காது. அந்த ஆட்டுக்கு முட்டையைக் கொடுத்த நாய் உங்களைச் சுற்றி முன்பே இருந்திருக்கிறது. அது உங்கள் நாயாகவே இருக்கலாம். எனவே அதோடு புரண்டு விளையாடும் குழந்தைகள் உட்பட வீட்டில் எல்லோரும் மருத்துவரைப் பார்த்து ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லோரும் ஆளுக்கொரு பூச்சி மாத்திரை போடுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஒரு மாத்திரையில் ஈரல் கட்டி கரையாது. ஸ்கேனில் கட்டி தெரிந்தால், ஆடு அறுத்த கதையை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஹைடாடிட் என்று தெரியாமல் ஊசியால் குத்தி, நீர் உள்ளே கசிந்தால் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரக்கூடும்.