பிரேக்குக்கு எப்போதும் முதலிடம் கொடுத்தால் போதாதா?

கேள்வி: வாகனங்களுக்கான மென்பொருள் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஒரே சிப்பில் பிரேக் பணியும், கேமரா படத்தைத் திரையில் காட்டும் பணியும் ஓட வேண்டும். பிரேக்குக்கு உச்ச முன்னுரிமை கொடுத்துவிட்டால் போதாதா? இல்லையென்றால், சிப்பில் நான்கு கோர் (தனித்தனியாக நிரலை ஓட்டும் பகுதிகள்) இருக்கிறதே, ஒன்றை பிரேக்குக்கே ஒதுக்கிவிடலாமா?

பதில்: போதாது. முன்னுரிமை வேறு, முக்கியத்துவம் வேறு. முதலாவது யாருக்கு அவசரம் என்று சொல்கிறது, இரண்டாவது தவறினால் என்ன ஆகும் என்று சொல்கிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். கேமரா பணி 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை வருகிறது, 5 எடுக்கிறது; அடுத்த முறை வருவதற்குள் முடிய வேண்டும், அதுதான் கெடு. பிரேக் பணி 30-க்கு ஒருமுறை, அதற்கும் அப்படியே. அளந்து பார்த்தால் 6-ஐத் தாண்டுவதில்லை, ஆனால் பாதுகாப்புச் சான்றிதழுக்காக மிக மோசமான நிலையை வைத்துப் போடும் கணக்கில் 18. பிரேக்கை முதலில் விட்டால் அது 6-இல் முடியும், கேமரா 11-இல்தான் முடியும், அதாவது எந்தக் கோளாறும் இல்லாத நாளிலேயே அதன் கெடு தவறிவிடுகிறது. கேமராவை முதலில் விடுங்கள்: கேமரா 5 வரை, பிரேக் 10 வரை, மறுபடி கேமரா 15 வரை, அப்புறம் 16-இல் பிரேக் முடிந்துவிடும். இரண்டுக்கும் நிம்மதி.

சரி, ஒருநாள் 16-இல் பிரேக் முடியவில்லை என்றால்? அந்த நொடியே கேமராவை நிறுத்திவிட வேண்டும். மிச்சம் 12-ஐயும் ஓட்டி 28-இல் பிரேக் முடித்துவிடும், கெடு 30. நிறுத்தாமல் விட்டால் 30 வரையில் அதற்குக் கிடைப்பது 15தான், வண்டி நிற்காது.

ஒரே பணிக்கு இப்படி இரண்டு நேரக் கணக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆய்வாளர் ஸ்டீவ் வெஸ்டல் 2007-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான், வெவ்வேறு முக்கியத்துவமுள்ள பணிகளை ஒரே சிப்பில் ஓட்டும் இந்தத் துறையே கிளைவிட்டது. பிரேக்குக்கு எப்போதும் 18-ஐயே வைத்துத் திட்டமிட்டிருந்தால் நம் உதாரணத்தில் கேமராவுக்கு 50, பிரேக்குக்கு 60 என்று கோரின் தேவை 110 சதவீதம், அதாவது இடமே இல்லை. ஆனால் கேமராவை அடியோடு வெட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பின்னால் பார்த்து வண்டியை எடுப்பவருக்கு அந்தப் படமும் கண்தான்; முடிந்தவரை அது வரும் இடைவெளியை 10-இலிருந்து 40 ஆக்கி மெதுவாகவாவது ஓட விடுங்கள், கோர் சும்மா இருக்கும் நேரம் வந்ததும் பழைய வேகத்துக்குத் திருப்புங்கள்.

இனி தனிக் கோர் விஷயம். கோர் தனியாக இருந்தாலும் கடைசி நிலை கேச் (அடிக்கடி வேண்டியதை அருகிலேயே வைத்திருக்கும் வேக மெமரி), மெமரி கன்ட்ரோலர், டிராம் என்கிற முதன்மை மெமரி எல்லாம் பெரும்பாலும் பொதுதான். பக்கத்துக் கோரில் கேமரா பணி பெரிய பெரிய படங்களை மெமரியில் கொட்டும்போது, உங்கள் பிரேக் பணி கேச்சில் இல்லாத ஒரு எண்ணுக்காக வரிசையில் நிற்கும், அதன் ஒரு வரிகூட மாறாமலே 6 என்பது 9 ஆகலாம். விமானத் துறையில் பல கோர் சிப்புகளை அனுமதிக்க இவ்வளவு தயங்கியதே இதனால்தான். விமான மென்பொருள் சான்றளிக்கும் அமைப்புகளின் குழு 2016-இல் வெளியிட்ட காஸ்ட்-32ஏ (CAST-32A) ஆவணம் முக்கியமாகப் பேசுவது இந்தக் குறுக்கீட்டைத்தான்.

அதனால் ஒதுக்குங்கள், கோரை மட்டுமல்ல, கேச்சிலும் பங்கு பிரித்துக் கொடுங்கள், மற்றக் கோர்கள் ஒவ்வொன்றும் ஒரு மில்லி விநாடிக்கு மெமரியை எத்தனை முறை தொடலாம் என்று வரம்பு வையுங்கள், தாண்டினால் அடுத்த மில்லி விநாடி வரை அந்தக் கோரை நிறுத்தி வையுங்கள். நேரத்தை அளக்கும்போது மற்ற மூன்று கோர்களையும் சும்மா விடவே விடாதீர்கள், மெமரியை வாரி வாரி எழுதும் ஒரு சிறு நிரலை மூன்றிலும் ஓடவிட்டு அப்புறம் அளந்து பாருங்கள்.